பன்னிரண்டில் பதினொன்று

திரையில் பதினொரு பெயர்கள்தான் வந்தன. எங்கள் வகுப்பில் நாங்கள் பன்னிரண்டு பேர்.

வில்லியனூரில் நான் பைத்தான் புரோகிராமிங் படிக்கும் கம்ப்யூட்டர் சென்டரில், வேலை இன்டர்வியூவுக்குப் பத்தாவது முடித்தவர்களை மட்டும் பிரித்துத் தரச் சொன்னார், சொல்லித்தரும் அக்கா.

"நீதான் வேகமா எழுதுவ. நீயே போடும்மா."

எல்லோருடைய பெயரும் அதனெதிரே படிப்பும் பதிந்த பட்டியலான டிக்‌ஷனரியை ஒரே வரி புரோகிராம் கோடு எழுதி வடிகட்டினேன்.

பக்கத்திலிருந்த செல்வி எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, உன் பேரையே காணோம்? கோடு தப்பா?"

"கோடு சரிதான்டி" என்றேன். நான் ஒன்பதாவதோடு நின்றது அவளுக்குத் தெரியாது.

வடிகட்டினாலும் பழைய டிக்‌ஷனரி அப்படியே இருக்கும். அதை ஒருமுறை திரைக்கு வரவைத்து, நாலாவது வரியில் என் பெயரைப் பார்த்தேன்.

பிறகு பதினொரு பேர் பட்டியலை அக்காவுக்கு அனுப்பினேன்.