விசிலுக்கு என்ன இங்கிலிசு?

மனைவி டொலறஸ் பிளாஸ்கிலிருந்து ஊற்றும் வெந்நீரில் விசிலை இரண்டு தரம் அலசி, கைலேஞ்சியால் துடைத்து, சிலுவை போட்டுக்கொள்கிறார் கிறிஸ்துநாயகம். மனைவி மேலே பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்த பிறகுதான் ஆடுகளத்தில் காலை வைப்பார். கிழமை நாட்களில் பார்க்கிங் என்ற ஊரில் தபால் வண்டி ஓட்டுகிறவர்; சனிக்கிழமையென்றால் கல்லூரிக் கூடைப்பந்துக்கு நடுவர். ஐந்தடி மூன்றங்குலம். ஆறரை அடிப் பையன்கள் சுற்றி நின்றால் ஆளே தெரியாது. விசில் மட்டும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

மனிசனுக்கு ஒரு பிடிவாதம். ஆட்டத்தில் பிழை விட்டவன் தானே கையைத் தூக்கவேண்டும். எப்போதோ வழக்கொழிந்த சட்டம் அது. "எனக்குப் பயந்து தூக்கத் தேவையில்லை. செய்ததை ஒத்துக்கொள்ளட்டும். தூக்கினாப் பிறகு எனக்கு அவனோட என்ன கோவம்? பந்தைக் குடுத்து, விளையாடு எண்டு விட்டிடுவன்."

தொண்ணூற்றொன்பதில் முதல் ஆட்டத்துக்குப் போனபோது, ஒரு கல்லூரியின் வெள்ளைக்காரப் பயிற்சியாளர் இவருடைய நிறத்தைப் பார்த்தார். தரை துடைக்கும் மொப்பைக் கையில் திணித்தார். இவர் வியர்வை சிந்திய இடத்தைத் துடைத்து, மொப்பைச் சுவரோடு சாத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். அடடா, அப்போது அந்த ஆளின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்!

அந்தப் பயிற்சியாளரும் சும்மா இருக்கவில்லை. ஏழு வருடம், இறுதியாட்டம் நெருங்கும்போதெல்லாம், இந்த நடுவரின் ஆங்கிலம் விளங்கவில்லை என்று போட்டி நடத்தும் குழுவுக்குக் கடிதம் போட்டார். இறுதியாட்டம் ஒருமுறையேனும் இவருக்குக் கிடைக்கவில்லை. "விசிலுக்கு என்ன இங்கிலிசு?" என்று சிரிப்பார் கிறிஸ்துநாயகம். உள்ளுக்குள் எரிந்தது டொலறஸுக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரத்து ஆறில் எட்டு அணித் தலைவர்களும், கறுப்பர் வெள்ளையர் சீக்கியரென்று எல்லாருமாய், கையெழுத்துப் போட்டு இவரையே இறுதியாட்டத்துக்குக் கேட்டார்கள். அந்தப் பயிற்சியாளரின் அணித் தலைவனும் அதில் ஒருவன். குழுவால் மறுக்க முடியவில்லை.

ஆட்டம் முடிய நாலு செக்கன். பயிற்சியாளரின் அணி ஒரு புள்ளி முன்னே. கூடைக்குப் பந்து எறியப்போன எதிரணிக்காரனின் கையில் அவருடைய அணித் தலைவனே தட்டிவிட்டான். விசில் ஒலித்தது. பயிற்சியாளர் கோட்டோரம் ஓடிவந்து தொண்டை கிழியக் கத்தினார். தலைவனோ மெல்லக் கையைத் தூக்கினான். அதைக் கண்ட பயிற்சியாளர் கோட்டைவிட்டுப் பின்வாங்கினார். எதிரணிக்குக் கிடைத்த இரண்டு எறிவும் கூடைக்குள் விழ, கோப்பை கைமாறியது.

"கண்டியளோ, அவர் என்ர மனிசன்!" என்று பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத வெள்ளைக்காரியிடம் தமிழிலேயே சொன்னார் டொலறஸ்.

கூட்டம் கலைந்த பிறகு பயிற்சியாளர் வந்து கிறிஸ்துநாயகத்தின் எதிரே நின்றார். வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கினார். கிறிஸ்துநாயகம் அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து, கீழே கிடந்த பந்தை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.