நான் பிடுங்கிய பிளக்

போன ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காரைக்கால் தலத்தெருவில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் மருமகள் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறாள். மாதத்தில் நாலு நாள் சென்னைக்குப் போவாள். மற்ற நாளெல்லாம் வீட்டு அறையில் லேப்டாப் முன்னால்தான். அது என்ன வேலை என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. நெல் அறுத்தால் கட்டு தெரியும், மீன் பிடித்தால் கூடை தெரியும். இவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தட்டுகிறாள், ஒன்றையும் காணோம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“ஆஸ்பத்திரியில டோக்கன் போடுறாங்கல்ல அத்தை, அதுக்குப் பின்னாடி ஓடுறதை நாங்க எழுதுறோம்” என்றாள்.

நான் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். என் மருமகள் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியே நடக்காது என்று கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மாதா கோயில் பூசைக்கு வரவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

“பழைய மெஷின்ல இருக்குற நோயாளிங்க பேரையெல்லாம் புதுசுக்கு மாத்துறோம் அத்தை. ஞாயித்துக்கிழமைதான் கூட்டம் கம்மி. மொதமொத என்கிட்ட நம்பிக் குடுத்திருக்காங்க. பன்னெண்டு மணி வரைக்கும் கூப்பிடாதீங்க” என்றாள். கூப்பிடாதே என்று மருமகள் சொல்லும் காலம் வந்துவிட்டதே என்று முணுமுணுத்துக்கொண்டே கோயிலுக்குப் போய் வந்தேன்.

வந்து புடவை மாற்றுவதற்குள் கடல் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. இடி இடித்தால் நான் இரண்டு காரியம் செய்வேன். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவேன். வீட்டிலுள்ள பிளக்கையெல்லாம் பிடுங்குவேன். அதற்கு முந்தின வருஷம் இடி விழுந்து எங்கள் டிவி கருகிப்போயிருந்தது. அன்றும் டிவி, ஃப்ரிட்ஜ் என்று வரிசையாகப் பிடுங்கி, கூடத்து மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த நெட் பெட்டியையும் பிடுங்கினேன்.

அரை நிமிஷத்தில் மருமகள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“அத்தை, நெட் போயிடுச்சு! கரண்டு இருக்கே?”

பிளக் என் கையில் இருந்தது. முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். “இடி இடிச்சுது பாரு, அதுல போயிருக்கும்” என்றேன்.

அவள் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி மாடிக்கு ஓடினாள். நான் சத்தம் போடாமல் பிளக்கைத் திரும்பச் சொருகினேன். பச்சை விளக்கு வந்தது.

நெட் வந்தும் வேலை நடக்கவில்லை. பேரெல்லாம் பாதி அங்கே, பாதி இங்கே என்று நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிகளில் வந்தவர்களின் பேர் திரையில் வராமல், நர்சுகள் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்களாம். நாலு மணி வரை அவள் எழுந்திருக்கவில்லை. நான் வைத்துக் கொடுத்த சோறும் வஞ்சிர மீன் குழம்பும் அப்படியே ஆறிப்போயின. சாயங்காலம் எல்லாம் சரியாகிவிட்டது என்றாள். அவள் முகம் சரியாகவில்லை.

“வேலைக்கு ஏதும் வந்துடுமா?” என்று மகன் கேட்டான்.

“தெரியலங்க. நாளைக்கு பதினோரு மணிக்கு எல்லாரையும் உக்கார வச்சு என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க. பெரிய மேடமும் வர்றாங்க.”

விசாரணை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் விசாரிப்பது நான்தான். “யார் கை பட்டுச்சு?” அதுதான் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுதான். வெகு வருஷத்துக்கு முன்னால், மாமனார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் வியட்நாம் சைகோனிலிருந்து கொண்டுவந்த பீங்கான் தட்டுகள் அலமாரிப் பலகையோடு சரிந்து நொறுங்கின. பக்கத்தில் நின்றவள் பாத்திரம் தேய்க்கும் பெண். உன் கைதான் என்று அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டேன்.

இவளையும் அப்படித்தானே அனுப்புவார்கள்? மாதம் தவறாமல் கோயிலில் சாமியாரிடம் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். சாமியாரிடம் சொல்வது சுலபம். மருமகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு அறைக்குள் பேச்சு கேட்டது. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். மழை நாளில் தான் இன்னும் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும் என்று அவள் சொல்வது காதில் விழுந்தது. அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன். திரையில் கட்டம் கட்டமாக ஏழெட்டு முகங்கள்.

“இவ மாமியாங்க நான். நான்தாங்க பிளக்கைப் புடுங்குனேன். புடுங்கிட்டு சொல்லாமயும் இருந்துட்டேன். இந்தப் புள்ளை மேல ஒரு தப்பும் இல்லங்க. வேலையை விட்டு எடுத்துடாதீங்க.”

ஒரு கட்டத்தில் தலை நரைத்த ஓர் அம்மாள் இருந்தார். அவர்தான் பெரிய மேடம். “உக்காருங்கம்மா. ஏன் புடுங்குனீங்க?” என்று கேட்டார்.

“இடி இடிச்சா புடுங்குவோங்க. முன்னாடி டிவி எரிஞ்சுபோச்சு.”

“அப்ப சரியாத்தானே செஞ்சிருக்கீங்க? எங்க ஊர்லயும் புடுங்கத்தான் செய்வோம்” என்றவர், மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: “ஒரு வீட்டு பிளக்கைப் புடுங்குனா இவ்வளவு பெரிய வேலை பாதியில நிக்குது. நிக்கிற மாதிரி ஏன் கட்டி வச்சோம்? அதைப் பேசுவோம்.”

“எங்க வீட்டுல பூனை புடுங்கிச்சு மேடம், போன மாசம்” என்றது இன்னொரு கட்டம். எல்லாரும் சிரித்தார்கள். என் மருமகளும் சிரித்தாள்.

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார்கள். இனி இந்த மாதிரி வேலையை வீட்டு லேப்டாப்பிலிருந்து ஓட்டாமல் கம்பெனி மெஷினே தானாக ஓட்ட வேண்டும், நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று முடிவானதாம். அதை எழுதும் பொறுப்பையும் இவளிடமே கொடுத்தார்கள்.

“என் பேரையும் எழுதுவியா?” என்று கேட்டேன்.

“யார் பேரும் வராது அத்தை. எப்படி நடந்துச்சு, இனிமே நடக்காம என்ன செய்யணும், அவ்வளவுதான். எங்க வழக்கமே அதுதான்.”

“நான் பொய் சொன்னேனே?”

“தெரியும். ஒயரு முந்தானைக்குக் கீழ தொங்குச்சு அத்தை. பதட்டத்துல அப்ப உறைக்கல, அப்புறந்தான் உறைச்சுச்சு.”

தெரிந்தும் பெரிய மேடத்திடம் அவள் சொல்லவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் மண்டபத்தூருக்குப் பஸ் ஏறினேன். பாத்திரம் தேய்த்த அந்தப் பெண் இப்போது அங்கேதான் இருக்கிறாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. அன்றைக்கு அந்தத் தட்டுகள் எப்படியம்மா விழுந்தன என்று இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன்.

“பலகையை கறையான் அரிச்சிருக்குன்னு மொத நாளே சொன்னேனே அக்கா. நீங்கதான் காதுல வாங்கல” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.

இன்றைக்கும் வீட்டில் ஏதாவது விழுகிற சத்தம் கேட்டால், ‘யார் கை?’ என்பது வாய் வரை வந்துவிடுகிறது. அதை விழுங்கிவிட்டு, எழுந்துபோய் முதலில் பலகையைப் பார்க்கிறேன்.