கொய்யா மரத்தடிக் கீரை

மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் சாப்பிட்ட தட்டின் மேலேயே சரிந்தாள். கை கால்கள் வெட்டி இழுத்தன. ஏழு வயது. காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை.

சாலைக்கு ஓடி, ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த தக்காளி லாரியை மறித்தேன். திண்டுக்கல் வரும்வரை அவள் பற்களுக்கிடையே என் துண்டு இருந்தது.

டாக்டர் ஊசி போட்டுவிட்டுக் கேட்டார்: "என்ன சாப்பிட்டா?"

"சோறும் கீரையும். எங்க கொய்யாத் தோப்புக் கீரை."

"தோப்புல மருந்து அடிச்சீங்களா?"

"முந்தாநாள். ஆனா மரத்துக்குத்தான் சார்."

அவர் என்னையே பார்த்தார். சொல்லிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

நான் பள்ளி ஆசிரியன். தோப்பு சுத்தமாக இருந்தால் காய்ப்பு கூடும் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்து, மாதம் தவறாமல் உழவு போட்டேன். அதற்குமுன் மரங்களுக்கிடையே பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணத்தி, எனக்குப் பெயர் தெரியாத எத்தனையோ கீரைகள் முளைத்துக் கிடக்கும். களையெடுக்கும் பெண்கள் மடி நிறையக் கட்டிப் போவார்கள்; அது வழக்கம்.

"என்னா சார், தோப்பைப் பள்ளிக்கூடமாட்டம் கூட்டிப் பெருக்கிப்புட்டீங்க! சோத்துக்குத் தொட்டுக்கிற வெஞ்சனத்துக்கு நாங்க எங்கிட்டுப் போறது?" என்றாள் அவர்களில் ஒருத்தி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

இரண்டு வருடத்தில் மரங்களுக்கிடையே கோரைப்புல் மட்டும் நின்றது. கீரை மிஞ்சியது ஏர் நுழையாத மரத்தடிகளில்தான். இலைகளில் அடித்த எண்டிரின் பூச்சிமருந்து சொட்டியதும் அங்கேதான்.

காலையில் மகள், அன்று கேலி செய்த அந்தப் பெண்ணோடுதான் கீரை பறித்தாள். அவளுக்கு மூன்று குழந்தைகள். அவர்களும் தின்றிருந்தால்? டவுனில் இருந்த என் மைத்துனரை அவள் வீட்டுக்குச் சைக்கிளில் விரட்டினேன். வராந்தாவில் நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். ஐந்து மணிக்கு மகள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். பிழைத்துவிடுவாள் என்றார் டாக்டர். என்னால் அழவும் முடியவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டும் நேரத்தில் மைத்துனரின் சைக்கிள் வந்தது. பின்னால் அந்தப் பெண் இருந்தாள். இறங்கி நேரே கட்டிலுக்குப் போய் மகளின் காலைத் தடவினாள்.

"உன் பிள்ளைங்க?" என்றேன்.

"நாங்க திங்கல சார். மருந்து வாடை அடிச்சுச்சு, கொட்டிப்புட்டேன். பாப்பாகிட்டயும் வேணாம் ஆத்தான்னுதான் சொன்னேன். 'மருந்து பூச்சிக்குத்தான், நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எங்க அப்பா சொன்னாரு'ன்னுச்சு. படிச்சவுக சொன்னதாச்சேன்னு விட்டுட்டேன் சார்."