மொன்றியலுக்கு நான் கொண்டுபோன ஒரே ஒரு பொன்னாடை

முதலில் எங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு பயணத்துக்கு வருகிறேன். மூத்த மகளின் மகள் அபினா மொன்றியலில் சட்டம் படித்து, பிரெஞ்சிலேயே சோதனை எழுதிச் சித்தியடைந்துவிட்டாள். மகனின் மூத்தவளுக்குப் பல் வைத்தியம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அவளின் தங்கை போன வருடம் வீணையில் அரங்கேறினாள். கடைக்குட்டிக்கு எட்டு வயது, நீச்சலில் இரண்டு பதக்கம். அபினாவின் தம்பி ஜெனுசனுக்கு இருபத்திமூன்று. மின்சார வேலை படித்து முதல் தடவையிலேயே சித்தி, சொந்த உழைப்பில் கார். இந்தப் பயணம் அவனுக்காக.

ஜெனுசன் மொன்றியலின் மேற்கு ஓரம், ரொக்ஸ்பரோவில் தாய் தகப்பனோடு இருக்கிறான். ஒரு வருடத்துக்குள் அவனுடைய காரைப் பொலிஸ் நாலு தடவை மறித்தது. குற்றமும் இல்லை, தண்டமும் இல்லை. நாலாவது தடவை விலங்கு போட்டு, அவன் வேலை செய்யும் இடத்துக்கு முன்னாலேயே தெருவோரம் இருத்தி வைத்துவிட்டு, பிறகு போகச் சொன்னார்கள். அவன் முறைப்பாடு எழுதினான். அதற்குப் பக்கபலமாக இரண்டு அமைப்புகள் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு. ஒன்று எங்கள் ஆட்களுடையது, மற்றது ஹெயிற்றி நாட்டு ஆட்களுடையது, அவர்களின் பிள்ளைகளையும் இப்படித்தான் மறிக்கிறார்கள். கூட்டம் வைகாசி கடைசிச் சனிக்கிழமை. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தால் நல்லது என்று அபினா சொன்னாள். நான் வெள்ளிக்கிழமையே வெளிக்கிட்டேன்.

ரொறொன்ரோவில் காலை எட்டரைக்குப் பஸ். டிக்கெட் 58 டொலர், முன்கூட்டியே எடுத்தபடியால் அந்த விலை. ஏறக்குறைய 540 கிலோமீற்றர். கிங்ஸ்ரன் பக்கம் இருபது நிமிடம் நிறுத்துவார்கள், அங்கே கால்களை நீட்டி மடக்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்குள் குளிரை அள்ளி ஊற்றுகிறார்கள். வைகாசிதானே என்று சுவெற்றர் இல்லாமல் ஏறாதீர்கள். நான் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனபடியால் வழியில் கோப்பிக்கு மட்டும்தான் செலவு. மூன்றேகாலுக்கு மொன்றியலில் இறங்கினேன்.

என்னைக் கூட்டிப்போக வந்த ஜெனுசன் கார் இல்லாமல் நின்றான்.

"கார் எங்கையடா?"

"வீட்டில நிக்குது அம்மம்மா. மெற்றோ சுகம்."

"நீ கார் வாங்கினது வீட்டு வாசலுக்கு அழகுக்கோ? இந்த முழங்காலோட நான் படி இறங்கவோ?"

என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னான். "நீங்கள் பக்கத்தில இருக்கேக்க மறிச்சாங்களெண்டால் என்னால தாங்கேலாது."

பிறகு நான் முழங்காலைப் பற்றிக் கதைக்கவில்லை.

மெற்றோவுக்கு ஆளுக்கு 3 டொலர் 75 சதம். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இலவசம் என்று கேள்விப்பட்டுப் போகாதீர்கள், அது அந்த ஊரில் இருப்பவர்களுக்குத்தான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே செம்மஞ்சள் பாதையில் ஏறினால் ஏழாவது தரிப்பில் இறங்கி வில்லரே போகலாம். அபினாவின் வீடு அங்கேதான், மூன்றாம் மாடி, வெளியே வளைந்து போகும் இரும்புப் படி. மழை நாளில் கவனம்.

சனிக்கிழமை மதியம் பூங்காவைக் கடந்து நடந்தே போனோம், இருபத்தைந்து நிமிடம். ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபம். இரண்டு மணிக்குக் கூட்டம், நாலு மணிக்குக் கடிதத்தை வாங்க நகரசபையில் இருந்து ஒரு பெண் வருவார். எங்கள் பக்கத்துத் தலைவர் தவராசா, தையல் தொழிற்சாலையில் இருந்து ஓய்வுபெற்றவர். முறைப்பாட்டைக் கொடுக்க ஜெனுசனோடு பொலிஸ் நிலையம் போனவர். மற்றப் பக்கத்துக்கு மடாம் ஜிஸ்லேன், ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். அவர் பிரெஞ்சில் கதைக்க அபினா தமிழில் சொன்னாள்.

மடாம் திங்கட்கிழமையே தெருவை மறிக்க வேண்டும் என்று நின்றார். தவராசா கடிதம்தான் என்று நின்றார்.

"ரோட்டை மறிச்சா எங்கட பொடியன்ர பேரில கேஸ் விழும். அவன்ர வேலைப் பத்திரம் போயிடும். ஆருக்கு நட்டம்?"

"முப்பது வருசமா நீங்கள் கடிதம் எழுதிறியளாம் அங்கிள்" என்றாள் அபினா. "நீங்கள் தொடங்கேக்க அவவின்ர மகனுக்குப் பதினெட்டு வயசாம். இப்ப தலை நரைச்சிட்டுதாம். இன்னும் மறிக்கினமாம்."

தவராசா முன்னால் இருந்த கடிதத்தைத் தள்ளி வைத்தார். "நானும் ஊர்வலம் போன ஆள்தான் பிள்ளை. எங்கட ஊரில. என்னோட வந்த பொடியளில எத்தினை பேர் வீட்டுக்குத் திரும்பினவங்கள் எண்டு அவவை என்னட்டக் கேக்கச் சொல்லு."

அபினா அதை மெதுவாகத்தான் சொன்னாள். மடாம் எழும்பிப் போய்த் தன் கையாலேயே அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கதை சுகமாகப் போனது. முதலில் கடிதம், முப்பது நாளில் மறுமொழி இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து தெருவுக்கு இறங்குவது என்று முடிவானது.

"முன்வரிசையில நிப்பீங்களோ எண்டு கேக்கிறா அங்கிள்."

"நிப்பன். ஆனா கதிரை கொண்டுவருவன் எண்டு சொல்லு."

மண்டபமே சிரித்தது. கையெழுத்து மட்டும்தான் மிச்சம்.

அந்த நேரத்தில்தான் நான் எழும்பினேன். எங்கள் ஆட்களின் கூட்டம் எதுவும் பொன்னாடை இல்லாமல் முடிந்ததை நான் காணவில்லை. என் பேரனுக்காக அலைந்த மனுசனுக்கு என்று ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் பன்னிரண்டு டொலருக்கு ஒன்று வாங்கிப் பையில் வைத்திருந்தேன். விரித்துத் தவராசாவின் தோளில் போட்டேன். எங்கள் பக்கம் கைதட்டியது. ஜெனுசன் "அம்மம்மா, இருங்கோ" என்று சேலைத் தலைப்பைப் பிடித்தது எனக்கு விளங்கவில்லை.

மற்றப் பக்கத்தில் ஒரு இளம் பெண் எழும்பி, இது என்ன என்று கேட்டாள். மரியாதை என்றாள் அபினா. தலைவருக்கா என்றாள். ஓம். எங்கே வாங்கியது என்றாள். ரொறொன்ரோவில், வெளிக்கிட முதலே.

"நாங்கள் கதைக்க முதலே ஆர் தலைவர் எண்டு குடும்பம் முடிவெடுத்திட்டுது எண்டு சொல்லுறா" என்று அபினா சொன்னாள். "எங்களை ஏன் கூப்பிட்டனீங்கள் எண்டு கேக்கிறா."

தவராசா பதறிப்போய்ப் பொன்னாடையைக் கழற்றி மடாமின் தோளில் போடப் போனார். அது இன்னும் பிழையாய்ப் போனது. மடாம் கையை உயர்த்தித் தடுத்தார். ஒருவர் போட்டுக் கழற்றியதை யார் வாங்குவார்கள்? அவருடைய ஆட்கள் பதினான்கு பேர் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள். கடைசியாகப் போன மடாம் வாசலில் நின்று என் இரண்டு கையையும் பிடித்தார்.

"உங்களில கோவம் இல்லையாம் அம்மம்மா. தன்ர ஆக்களைத் தன்னால இப்ப இருத்தேலாதாம்."

நாலு மணிக்கு நகரசபைப் பெண் வந்தார். கடிதத்தில் ஒரு கையெழுத்து. கூட்டுக் கடிதம் என்றுதான் பதிந்திருக்கிறது, இரண்டு கையெழுத்தோடும் நகரசபைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். அடுத்தது புரட்டாசியில்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முறைப்பாட்டை வாபஸ் வாங்கப் போவதாக ஜெனுசன் சொன்னான். "எனக்காகத்தானே அம்மம்மா ரெண்டு பேரும் கொழுவிச் சண்டை பிடிச்சவை. நான் விலகினா சேர்ந்திடுவினம்." வாங்கியும் விட்டான். அவர்கள் சேரவில்லை. திங்கட்கிழமை மடாமின் ஆட்கள் தனியே தெருவை மறித்தார்கள். தவராசா தனியே இன்னொரு கடிதம் எழுதினார். என் பேரன் பஸ்ஸில் வேலைக்குப் போனான்.

பொன்னாடையால் மட்டும் உடைந்தது என்று நான் என்னை ஏமாற்றவில்லை. ஒரு முழத் துணிக்கு உடைகிற அளவில்தான் அது இருந்தது. ஊரிலும் இதைத்தான் கண்டேன். கதைத்துப் பெறலாம் என்றவர்களும் தெருவில் இறங்கியவர்களும், தங்களை மிதித்தவனை விட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடல் தாண்டி, நிறம் வேறான மனிதரோடு சேர்ந்தும் அதேதான். இரண்டு பேரும் நல்லவர்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவர்களாக இருந்தால், ஆளை மாற்றிவிடலாம் என்று புரட்டாசியை நம்பியிருப்பேன்.

இப்படியான காரியத்துக்குப் போகிறவர்கள் திரும்பி வரும் டிக்கெட்டையும் முன்பே எடுங்கள். எனக்குக் கடைசி நேரத்தில் 79 டொலர் போனது. ஞாயிறு பின்னேரப் பஸ் நிறைந்து வழியும். பொன்னாடை கொண்டுபோனால் இரண்டாகக் கொண்டுபோங்கள். கொண்டுபோகாவிட்டால் இன்னும் நல்லது.

அபினா இந்தப் பதிவின் மேலே போட்டிருப்பது, நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டு தவராசாவுக்குப் பொன்னாடை போடும் படம். அதை என்னால் பார்க்க முடியவில்லை, எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மண்டபத்தில் நிறையப் பேரின் கையில் போன் இருந்தது. மூன்று மணியளவில் தவராசாவும் மடாமும் ஒன்றாகச் சிரித்த படம் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து அதை இந்த இடத்தில் போடுங்கள்.