துணியை எடுத்துடு

அந்த அனல்மின் நிலையத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. புகையிலிருக்கும் சாம்பலைப் புகைபோக்கிக்குப் போகுமுன் பிடித்து நிறுத்தும் இயந்திரம் அவர் பொறுப்பு. அதனால் ‘வடிகட்டி’. “வடிகட்டின...” என்று தொடங்கி, “மிச்சத்த நீயே சொல்லிக்கோ” என்று முடிப்பார் ஷிஃப்ட் சார். பல வருஷமாக அதே நகைச்சுவை. வடிகட்டியும் பல வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அறிவிப்புப் பலகையில் இரண்டு உத்தரவுகள் ஒட்டியிருந்தன. இந்தக் கோடையில் நாட்டில் ஒரு வீடும் இருட்டில் இருக்கக் கூடாது என்றது ஒன்று. புகைபோக்கியிலிருந்து தூசி வெளியே போகக் கூடாது என்றது மற்றது. இரண்டிலும் ஒரே முத்திரை. தூசி பிடிக்கிற இயந்திரமும் மின்சாரம் தின்றுதான் வேலை செய்யும் என்பதை இரண்டுமே சொல்லவில்லை.

“ஒரே வீட்டுல ரெண்டு மாமியார்யா நமக்கு” என்பார் ஷிஃப்ட் சார்.

வெயில் ஏறி மின்சாரம் போதாமல் போனால் மேலிடத்திலிருந்து அவருக்குப் போன் வரும். ‘நிறுத்து’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். “கொஞ்சம் மூச்சு விடட்டும்யா” என்பார். வடிகட்டி விசைகளைக் கீழே தள்ளுவார். வெள்ளையாகப் போன புகை கறுக்கும்.

அதற்கு முன் தன் வீட்டுக்கு ஒரு போன் போடுவார். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. “துணியை எடுத்துடு.” அவ்வளவுதான். மனைவி கொடியில் கிடக்கும் துணிகளை அள்ளிக்கொண்டு, மகளை உள்ளே கூப்பிட்டு, ஜன்னல்களைச் சாத்திவிடுவாள்.

எதிர்வீட்டுக்காரி இதைக் கவனித்துவிட்டாள். “அதெப்படிக்கா, நீங்க துணி எடுத்தா அன்னைக்குக் கரி கொட்டுது? வீட்டுக்காரர் ஜோசியம் பாக்குறாரா? எதுக்கு வம்பு, இனிமே நீங்க எடுத்தா நானும் எடுத்துடறேன்.” மெல்ல மெல்லத் தெருவே வடிகட்டியின் மனைவியைப் பார்த்துத் துணி எடுக்கத் தொடங்கியது.

“பாவமா இருக்குங்க. நேரா சொல்லிட்டா என்ன?” என்றாள் மனைவி.

“சொன்னா வேலை போயிடும். வாய வச்சுக்கிட்டு சும்மா இரு.”

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மதியமே ஷிஃப்ட் சார் கூப்பிட்டார். வடிகட்டி வீட்டுக்குப் போன் போட்டார்.

“இன்னைக்குத் துணி துவைக்கவே இல்லீங்க. உங்க பொண்ணு ஸ்கூல் மைதானத்துல இருக்கா. ஓட்டப்பந்தயமாம், அடம் பிடிச்சுப் போயிருக்கா.”

ஜன்னல் வழியே பார்த்தார். வாசல் கம்பத்துக் கொடி பள்ளிக்கூடத்துப் பக்கமாகப் படபடத்தது. விசையிலிருந்து கையை எடுத்தார்.

“சார், இன்னைக்கு முடியாது. பசங்க மைதானத்துல ஓடிட்டு இருக்காங்க.”

ஷிஃப்ட் சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நீ குடுக்கலன்னா எங்கயாவது கரண்ட்ட வெட்டியாகணும்யா. மேல கேட்டா நம்ம ஊர் லைனத்தான் வெட்டச் சொல்வாங்க. யோசிச்சுக்கோ.”

“வெட்டட்டும் சார்.”

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொன்ன முதல் ‘முடியாது’ அது. ஃபேன் ஓடாவிட்டால் குடி முழுகிவிடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புகை வெள்ளையாகவே போனது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் மனைவியின் போன் வந்தது.

“ஏங்க, கரண்ட் போயிடுச்சு. ஓடிட்டு வந்தவளுக்கு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. மருந்து மெஷின் ஓடல. எப்போ வரும்ங்க?”

அவள் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. ஓட்டை விழுந்த டியூபிலிருந்து காற்று போகிற சத்தம். “மூச்சு விடுடா கண்ணு. மெதுவா மூச்சு விடு.”

அந்தச் சொல் அவரை அறைந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஷிஃப்ட் சார் பக்கம் திரும்பினார்.

“சார். மூச்சு விடட்டும்.”

“இத அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல” என்று சார் மேலிடத்துக்குப் போனை எடுத்தார். வடிகட்டி விசைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுப் படுத்தன.

காத்திருந்தார். ஒருவழியாகப் போனில் மருந்து மெஷினின் ‘கர்ர்’ கேட்டது. மனைவி விம்மியது கேட்டது. பிறகு ஜன்னல்கள் சாத்தும் சத்தம்.

“ஏங்க.”

“ம்.”

“நான் இன்னைக்குத் துணி எடுக்கலையே. தெருவுல ஒருத்தரும் எடுக்கல. கரண்ட் இல்லன்னு எல்லாரும் வெளியதான் உக்காந்திருக்காங்க. எதிர்வீட்டுக் கைக்குழந்தைய வாசல்லயே போட்டிருக்காங்க. போய்ச் சொல்லட்டுமா?”

வெளியே புகை கறுத்துத் தடித்து, வழி தெரிந்தவனைப் போல, அவசரமே இல்லாமல் வீடுகள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் சார் பேசி முடித்து இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏங்க, சொல்லட்டுமா?”

“ஜன்னல நல்லா சாத்து” என்றார் வடிகட்டி.