நாலு பேருக்குப் பதில்

"வெளிச்சத்துல நின்னு சொல்லுங்க" என்கிறார் அறிவுமதி. வந்தவர் கடைக்குள் இரண்டடி நகர்ந்து டியூப்லைட்டின் கீழ் நிற்கிறார். கையில் அளவு பிளவுஸ். அறிவுமதி அதைப் பார்ப்பதில்லை, வந்தவரின் உதட்டைப் பார்க்கிறார். பேச்சு முடிந்ததும் ஒருமுறை திருப்பிச் சொல்வார்: "கையில அன்னப்பட்சி, முதுகுல ஒண்ணும் வேணாம். சரிங்களா?"

பாலக்கரையில், செல்போன் ரீசார்ஜ் கடையை ஒட்டி, ஒற்றை அறை. பாதி இடம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினுக்கு. மீதியில் அவரும் நூல்கண்டுகளும். சிறுவயதில் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு தங்கிவிட்டது, ஏற்ற இறக்கம் மட்டும் இல்லை. நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே குரலில்தான் வரும், உறையூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை கேட்கிற அதே குரலில். அரக்கு, மாதுளை, மிளகாய் என்று சிவப்பு நூலையே தனித்தனிப் பெட்டிகளில் பிரித்து வைத்திருக்கிறார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். கத்தரிக்கோலைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்.

போன வைகாசியில், ஸ்ரீரங்கத்து ரங்கநாயகியின் மகள் கல்யாணத்துக்கான பட்டு பிளவுஸ் மெஷினில் ஏறியிருந்தது. ஒரு கையில் அன்னம் ஒழுங்காக விழுந்தது. மறுகையில் கழுத்துவரை வந்ததும் தையல் நகர்ந்து, தலை தனியாகப் போய் விழுந்தது. பழைய துணியில் ஓட்டிப் பார்த்தார். அதிலும் அப்படியே.

மெஷின் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை போனில் மட்டும்தான். எழுதிக் கேட்க இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். அதில் சேர ஓ.டி.பி. வேண்டும். அதையும் போனில் கூப்பிட்டுத்தான் சொல்வார்கள். பக்கத்துக் கடை பரக்கத் அலி ஒரு கையில் டீ கிளாஸோடு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கேட்ட எண்களை விரலால் காட்டினார். ஏழு வந்தபோது ஒரு கை போதவில்லை. கிளாஸைக் கீழே வைப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுமுறை டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தார்.

உள்ளே போன பிறகு வேறு சிக்கல். கேள்வியை எழுதி, தலை நகர்ந்த அன்னத்தின் படத்தைச் சேர்த்து அனுப்பினால், அனுப்ப இயலவில்லை என்று மட்டும் வந்தது. படத்தின் அளவைக் குறைத்தார். வேறு போனில் முயன்றார். மறுபடி அதே வரி. படமில்லாமல் அனுப்பியபோது கேள்வி ஏறியது. கம்பெனியிலிருந்து பதிலும் வந்தது, இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று. "எனக்குக் காது கேக்காது, இங்கயே எழுதுங்க" என்று பதில் போட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பேச்சில்லை.

கத்தரிக்கோல் பெட்டிக்குள் போனது.

பிறகு மன்றத்தின் விதிகளை மேலிருந்து கீழ்வரை படித்தார். அடியில் இருந்தது காரணம். புதிதாகச் சேர்ந்தவர்கள் மற்றவர் கேள்விகளுக்கு நாலு பதிலாவது எழுதிய பிறகே படம் போடலாம். பரக்கத் அலிக்குப் பொறுக்கவில்லை. "உங்க மெஷினே படுத்துக் கிடக்கு. நீங்க எதுக்குக்கா ஊருக்கு வைத்தியம் பாக்கணும்?"

"நாலு பேருதானே பாய். பாத்துட்டுப் போறேன்."

ஒருவருக்கு ஜரிகை நூல் அறுந்துகொண்டே இருந்தது. வேகத்தைக் குறைக்கச் சொன்னார். ஒருவர் ஊசியைத் திருப்பி மாட்டியிருந்தார். இன்னொருவருக்குத் துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கியது. நாலாவது ஆள், புதிதாக மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அதற்குத்தான் அதிக நேரம் யோசித்தார். "வாங்குங்க. கல்யாண சீசன்ல மட்டும் வாங்காதீங்க" என்று எழுதினார்.

படம் ஏறிவிட்டது. கரூரில் இதே மெஷின் ஓட்டும் முருகானந்தம் என்பவர் அதைப் பார்த்துவிட்டு எழுதினார்: "அக்கா, தலை மேல கீழ போகல, பக்கவாட்டுல மட்டும் போயிருக்கு. அந்தப் பக்க பெல்ட்டு லூஸு. மூடியக் கழட்டி ஸ்க்ரூவ முறுக்குங்க." முறுக்கினார். பழைய துணியில் அன்னத்துக்குத் தலை ஒட்டிக்கொண்டது.

பட்டுத் துணி கெட்டது கெட்டதுதான். ரங்கநாயகியை வரச்சொல்லி, அதே குரலில் விஷயத்தைச் சொல்லி, பிளவுஸின் கெட்ட கையை விரித்துக் காட்டினார். அந்த அம்மாள் துணியை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். அது என்னவென்று அறிவுமதிக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. திரும்பியபோது ரங்கநாயகியின் உதடு நிதானமாக அசைந்தது: "தலை மேல ஒரு தாமரையை வெச்சு மூடிடுங்கோ. ரெண்டு கையிலயும் பண்ணிடுங்கோ, ஜோடியா இருக்கட்டும்." முகூர்த்தத்தன்று இரண்டு அன்னங்களும் தாமரைக்குள் தலையை விட்டபடி இருந்தன.

வேலை முடிந்த பிறகும் அறிவுமதி மன்றத்தை விடவில்லை. படம் ஏறாமல் தவிக்கும் புதியவர்கள் தினமும் வந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்குப் பதில் எழுதத் தொழில் தெரியவேண்டுமே. அவர்களுக்காக, யாரும் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றைப் போட்டார்: "உங்க மெஷினுக்குப் பக்கத்துல என்ன வெச்சிருக்கீங்க?" சாமி படம், தண்ணீர் பாட்டில், தூங்கும் பூனை என்று பதில்கள் குவிந்தன. அவரவர் பதில் கணக்கும் ஏறியது. சில நாளில் கம்பெனி அதை நீக்கிவிட்டது. தொழில்நுட்பத்துக்குத் தொடர்பில்லாதது என்று அறிவிப்பு வந்திருந்தது.

அறிவுமதி அதை ஒருமுறை படித்தார். மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த கேள்வியைத் தட்டினார்.

"இன்னிக்கு உங்க ஊர்ல கரண்ட் இருக்குங்களா?"