ஏழு மாத ஊதியமும் நான் நிரப்பிய கட்டமும்

இக்குறிப்பை எழுதக் காரணம் ஒன்றே. என் பிழையால் துன்புறுபவர் அதை எவரிடமும் சொல்ல மறுக்கிறார். ஆகவே நானே சொல்ல வேண்டியிருக்கிறது. டென்மார்க்கின் ஒடென்சே நகரில் நம்மவர் பலர் தத்தம் வரிக்கணக்கை, டேனிய மொழி நன்கறிந்தவர் என்று தாம் நம்பும் ஒருவரிடம் கொண்டு செல்வர். ஊரில் ஆசிரியனாக இருந்த நானே பல ஆண்டுகளாக அந்த ஒருவனாக இருந்தேன்.

என் பிழையால் துன்புறும் அவர் மன்னாரைச் சேர்ந்தவர். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்புப் பணி செய்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாத ஞாயிறொன்றில் தேவாலயப் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முந்திய ஆண்டின் முதல் ஏழு மாதங்கள் அவர் ஒரு சலவைத் தொழிற்சாலையில் முழுநேரம் வேலை செய்திருந்தார். பின்னர் அது நொடித்து மூடப்பட்டது. இணையத்தில் வெளிவந்த அவருடைய ஆண்டு வரிக்கணக்கில் முதியோர் இல்லத்து ஊதியம் மட்டுமே இருந்தது.

“என்ரை ஏழு மாதத்தையும் தோய்ச்சுக் கழுவி விட்டிட்டாங்கள், மாஸ்டர்” என்று சிரித்தபடி ஊதியச் சீட்டுகளை மேசையில் வைத்தார். மாத வரிசையில் ஏழும் இருந்தன. ஒவ்வொன்றிலும் வரி கழிக்கப்பட்டிருந்தது. கழித்த வரியையும் கொடுத்த ஊதியத்தையும் அரசுப் பதிவேட்டுக்குத் தொழிற்சாலை அறிவிக்கவே இல்லை என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கியது.

அன்று கணினியையே குற்றவாளியாகக் கருதினேன். வரித் தளத்திலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தேன். வேறோர் உலாவியில் திறந்தேன். ஊதியத்துக்குரிய கட்டம் சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தது. ஓர் எண்ணைக்கூட ஏற்கவில்லை.

“டென்மார்க் அரசாங்கத்தின்ரை கொப்பியையும் இவர்தான் திருத்தப்போறார்” என்றார் சமையலறையிலிருந்து என் மனைவி. “நீ தேத்தண்ணியைக் குடி பிள்ளை, இது இப்ப முடியாது.”

அந்த ஏளனம் என்னைச் சற்றே உசுப்பியது என்பதை மறைக்க மாட்டேன். கீழே இறங்கித் தேடியபோது ‘பிற வருமானம்’ என்றொரு கட்டம் கண்ணிற்பட்டது. அது வெண்மையாக இருந்தது. எழுத இடம் தந்தது.

“அதை நாங்களே எழுதலாமோ, மாஸ்டர்? கொம்பனிதானே போடவேணும்?”

“உழைத்தது உண்மை. உண்மை எந்தக் கட்டத்தில் இருந்தால் என்ன?” என்றேன்.

ஒரு சொல் இடம்மாறி நின்றாலே பொறுக்காத நான் அவ்வாறு சொன்னேன். ஏழு மாதத் தொகையையும் கூட்டி எழுதினேன். திரை ஏற்றுக்கொண்டது. அத்தொகைக்குரிய வரி நிலுவையில் இருப்பதாகவும் காட்டியது. ஏற்கெனவே ஒருமுறை கழிக்கப்பட்டிருந்த வரியை அவர் மறுபேச்சின்றி இரண்டாம் முறையும் கட்டினார்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் நிலையான வதிவிட உரிமைக்கு அவர் விண்ணப்பித்தார். அண்மைய ஆண்டுகளின் பெரும்பகுதியில் முழுநேர ஊதியத் தொழில் செய்திருத்தல் அதற்கு வேண்டும். முதியோரைத் தூக்கித் தூக்கி அவருடைய வலத்தோள் பழுதாகிவிட்டது. உரிமை கிடைத்தால் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைக்கலாம். அதுவரை ஒரு மணிநேரமும் குறைக்க இயலாது. அவர் வேண்டியது அவ்வளவே.

மறுப்புக் கடிதத்தை என்னிடமே கொண்டுவந்தார். அந்த ஏழு மாதங்களுக்கு ஊதியப் பதிவு இல்லை என்றும், அத்தொகையைப் பிற வருமானம் என்று விண்ணப்பதாரரே அறிவித்துள்ளார் என்றும் அதில் எழுதியிருந்தது. இரண்டாம் வாக்கியத்தை நான் இருமுறை படித்தேன். அந்த அறிவிப்பைச் செய்த விரல்கள் என்னுடையவை.

வரித் திணைக்களத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் பேசிய பெண் மிகப் பண்பானவர். ஊதியத்தைத் தொழில் தந்தவரே பதிய வேண்டும் என்றார். தொழில் தந்தவர் இன்று இல்லை என்றேன். அப்படியானால் ஊதியச் சீட்டுகளையும் வங்கிக் கூற்றையும் இணைத்து எழுதுங்கள், ஆராய்வோம் என்றார். எவ்வளவு காலம் செல்லும் என்று சொல்ல இயலாது என்றும் சொன்னார். முதல் நாளே அழைத்திருந்தால் இதையே சொல்லியிருப்பார்களா என்று கேட்டேன். ஆம் என்றார்.

அனைத்தையும் அனுப்பினோம். வதிவிட உரிமை மறுப்பை எதிர்த்து மேன்முறையீடும் செய்தோம். மாதங்கள் கழிந்தும் இருபுறமிருந்தும் விடை இல்லை. நாள்தோறும் திரையைத் திறந்து பார்க்கிறேன். என்னால் ஆகக்கூடியது அதுமட்டுமே.

“விடுங்கோ, மாஸ்டர். நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்” என்றார் சென்ற ஞாயிறு. “தோள் பழகீட்டுது.”



தோள் பழகவில்லை. பூசையில் சிலுவை அடையாளம் இடும்போது அவருடைய கை நெற்றி வரை உயர்வதில்லை. நெற்றியே தாழ்ந்து கையிடம் வருகிறது. அதை நான் பின்வரிசையிலிருந்து காண்கிறேன்.

வரி நடைமுறை பற்றி இங்கு நான் எழுதியவற்றில் பிழை இருக்கலாம். இவ்வகைச் சிக்கலைத் தீர்த்தவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், நான் தவறிய இடத்தையும் இன்னும் திறந்திருக்கும் வழியையும் தயங்காது எழுதி அறிவியுங்கள். என் வயதை மதித்து வாளாவிருந்துவிட வேண்டாம். அன்று ஒருமுறை கேட்டதோடு அவர் அப்படித்தான் இருந்துவிட்டார்.